திரும்ப விடுவதற்கு எதற்குத் தூண்டில்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

இங்கிலாந்தின் கோடைக்காலக் குளக்கரைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். விடியுமுன்னே போய் உட்கார்ந்து, உச்சிவெயில் வரை தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்து, பிடித்த மீனையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். படித்து முடித்தபோது எனக்கு ஏனோ ஒப்பவில்லை.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடம் விட்டதும் மயிலிறகுக் காம்பை நறுக்கித் தக்கை கட்டி, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து கெண்டையும் கெளுத்தியும் பிடித்தவன். நாலு குரவை சிக்கினாலும் அன்றைக்கு வீட்டில் குழம்பு. பசி இருந்தது, பிடித்தோம், தின்றோம். வாயில் முள்ளை ஏற்றி, கரைக்கு இழுத்து, அழகு பார்த்துவிட்டுத் திரும்ப விடுவது என்ன விளையாட்டு? சாப்பிடாத மீனை ஏன் பிடிக்க வேண்டும்? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. என் தங்கை குடும்பம் அங்கே இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறது. மாப்பிள்ளைக்குப் பழைய வாய்க்கால் நினைப்பு வந்துவிட்டது போல, தூண்டில் வாங்கப் போகிறேன் என்கிறார். அங்கே நினைத்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட முடியுமா? என்ன வாங்க வேண்டும்?

இப்படிக்கு,
உங்கள் வாசகன் (பெயர் வேண்டாம் அக்கா)

*

அன்புள்ள தம்பி,

கோபம் எதற்கு? இதே கேள்வியை என் அம்மா கோடை வந்தால் போனில் கேட்பார், உங்களைவிடக் காட்டமாக. "அத்தனை தூரம் காரோட்டிப் போறே, ஒரு துண்டு மீனுக்கு வழியில்லையா?"

உங்கள் கட்சிக்கு முதலில் நானே கொஞ்சம் வலு சேர்க்கிறேன். திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவது சுவிட்சர்லாந்தில் சட்டப்படி தப்பு. பிடித்தால் சாப்பிடு, சாப்பிடப் போவதில்லை என்றால் மீனைச் சும்மா விடு என்பது அந்த ஊர் நியாயம். உங்கள் கடிதத்தை அவர்கள் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 2003-ல் எடின்பரோ ஆய்வாளர்கள் ட்ரவுட் மீனின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அதை நமக்குத் தெரிந்த வலியோடு வைத்துப் பேசலாமா என்று விஞ்ஞானிகளுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் "மீனுக்கு வலியே கிடையாது" என்று குளக்கரையில் யாராவது அடித்துச் சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

இருந்தும் போகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் இந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே நன்னீர் மீன்களுக்குள்ளும் மேல்கீழ் உண்டு. சால்மனும் ட்ரவுட்டும் மேட்டுக்குடி. பெரிய நிலக்காரர்களின் ஆற்றில் ஓடியவை. மற்ற ரோச், ரட், ப்ரீம், டென்ச், கெண்டை, பைக் எல்லாம் 'கோர்ஸ்' மீன்கள், ஆலைத் தொழிலாளிகளின் மீன்கள். ரயில் வந்த பிறகு ஷெஃபீல்டின் கத்திப் பட்டறைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறி லிங்கன்ஷயர் ஆற்றங்கரைகளுக்குப் போனார்கள். இந்த மீன்கள் முட்டையிடும் காலத்தில் தூண்டில் போடக் கூடாது என்று 1878-ல் சட்டம் கொண்டுவந்தவரும் ஷெஃபீல்டு எம்.பி. முண்டெல்லாதான். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. ஆறுகளுக்கு அது இன்றைக்கும் உண்டு. ஏரி குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1995-ல் எடுத்துவிட்டார்கள். எடுத்தாலும் என்ன, ஜூன் 15 நடுநிசி வரை தூண்டிலைத் தொடமாட்டேன் என்று விரதம் இருக்கிற பழைய ஆட்களை இப்போதும் பார்க்கலாம்.

அதே ரயில்தான் பனிக்கட்டியில் போட்ட கடல் மீனை உள்நாட்டு ஊர்களுக்கு மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தது. சேற்று வாடை அடிக்கிற குளத்து மீனை அதற்கப்புறம் யார் சீந்துவார்கள்? சாப்பிடவே முடியாத மீன் என்று நினைத்துவிடாதீர்கள். போலந்தில் கெண்டை இல்லாமல் கிறிஸ்துமஸ் இரவு உணவு கிடையாது. இத்தாலியில் பொய்ரினோ பக்கத்துக் குளங்களின் டென்ச்சுக்கு ஐரோப்பியப் புவிசார் அங்கீகாரமே இருக்கிறது, நம் திண்டுக்கல் பூட்டுக்கு இருப்பதுபோல. பிரிட்டனில்தான் அது சமையலறையை விட்டுப் போனது. போன பிறகு குளம் வைத்திருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குளத்துக்குக் கோடை முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது. வருகிறவர் எல்லாம் ஆளுக்கு இரண்டு எடுத்துப் போனால் அடுத்த வருடம் மீன்பிடிக்கச் சீட்டு வாங்க யார் வருவார்? டென்ச் நிதானமாக வளர்கிற மீன். கெண்டை பல பத்தாண்டுகள் உயிர்வாழும். திரும்ப விடுவதில் கருணையும் கொஞ்சம் உண்டு, பிழைப்பு நிறைய உண்டு.

இனி உங்கள் மதகுக்கு வருகிறேன். குழம்புக்காகத்தான் பிடித்தோம் என்கிறீர்கள். குழம்புதான் குறி என்றால் ஊத்தாக் கூடை போட்டிருக்கலாம். வாய்க்காலை இரண்டு பக்கமும் மண்போட்டு அடைத்து, தண்ணீரை இறைத்துவிட்டுக் கையாலேயே அள்ளியிருக்கலாம். அரைமணி நேரத்தில் சட்டி நிறைந்திருக்கும். நீங்கள் அப்படியா செய்தீர்கள்? மயிலிறகுக் காம்பை நறுக்கி, தூண்டில் நரம்பில் கட்டி, அது ஆடுமா ஆடுமா என்று பொழுது சாய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குப் பசி இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களை அங்கே உட்காரவைத்தது பசி மட்டுமில்லை. அந்த இன்னொன்றுக்காகத்தான் நானும் போகிறேன்.

ஜூன் மாதம், தெற்கு இங்கிலாந்து. நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். நான் போகிற இடம் வில்ட்ஷயரில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்து ஏரி. பதினெட்டாம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக்கலைஞர் பிளெனிம் அரண்மனையில் க்ளைம் ஓடையை மறித்துப் பெரிய ஏரி உண்டாக்கினார். அந்தக் காலத்துச் சீமான்கள் பலருக்கும் அந்த ஆசை இருந்தது. ஜன்னலிலிருந்து பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அவர்கள் தேக்கிய தண்ணீர், இருநூறு வருடச் சேறு படிந்து, கரையெல்லாம் நாணலும் அல்லியும் ஏறி, இன்றைக்கு மீன்களின் சொர்க்கமாகக் கிடக்கிறது.

அங்கே நான் தேடிப்போவது டென்ச். ஆலிவ் பச்சை உடம்பு, சின்னதாக ஒரு சிவப்புக் கண். செதில் இருப்பதே தெரியாத அளவுக்கு மேலெல்லாம் வழுவழுப்பு. குளிர்காலம் முழுக்கச் சேற்றோரம் அசையாமல் கிடக்கும், தண்ணீரில் சூடு ஏறினால்தான் வெளியே வரும். இங்கே இது வெயில் காலத்து மீனாக இருப்பதற்கு அதுதான் காரணம். சேற்றைக் கிளறி அது மேயும்போது குமிழ்கள் மேலே வரும். எல்லாக் குமிழும் டென்ச் இல்லை. அழுகிய இலைக்குள்ளிருந்து வருகிற வாயு ஒரே இடத்தில் பொத்துப்பொத்தென்று வந்து நின்றுவிடும். கெண்டை விடும் குமிழ் பெரிது. டென்ச்சுடையது குண்டூசித் தலை அளவுதான், ஆனால் நுரைத்துக்கொண்டு, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அல்லி இலையின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்துக்குப் போகும். கொஞ்ச நேரம் காணாமல் போகும். அப்புறம் நம் தக்கைக்கு ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் கிளம்பும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்கு நல்ல பதில் வராது.

உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு முறையைச் சொல்கிறேன். 1950-களில் ஃப்ரெட் ஜே. டெய்லரும் அவர் சகோதரர்களும் பிரபலப்படுத்தியது. தக்கை அதே மயிலிறகுக் காம்புதான், அடிமுனையில் மட்டும் நரம்போடு பொருத்த வேண்டும். முள்ளுக்கு இரண்டு மூன்று விரல்கடை மேலே ஒரே ஒரு பெரிய எடைக்குண்டு. நரம்பின் நீளம் தண்ணீரின் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். குண்டு தரையில் கிடக்கும். நரம்பை இழுத்து இறுக்கினால் தக்கை நிமிர்ந்து நிற்கும். டென்ச் தலையைக் குனிந்து இரையை எடுத்து, நிமிரும்போது குண்டையும் சேர்த்துத் தூக்கிவிடும். பாரம் போனதும் தக்கை முங்காது, உயரும். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தள்ளிவிடுவதுபோல மேலே ஏறி, ஒரு கணம் நின்று, அப்படியே படுத்துவிடும். அது ஏறும்போதே கழியைச் சுண்ட வேண்டும்.

வெறுமனே உட்கார்ந்து குமிழை வேடிக்கை பார்த்தால் போதாதா, முள் எதற்கு என்பீர்கள். போதாது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டு மணி நேரமாக ஊகித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்: இது டென்ச்தான், இந்தச் சரிவில்தான் மேய்கிறது, இந்நேரம் என் முள்ளில் இருக்கிற சோளத்தைத்தான் எடுக்கும். ஊகம் சரியா தப்பா என்று சொல்ல ஒரே ஆள் அந்த மீன். அது கைவலைக்குள் வந்து படுக்கும்போது எனக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. அதை எடுத்துப் போவதில் புதிதாக எதுவும் கூடுவதில்லை. அந்தப் பதிலுக்காக ஒரு உயிரைத் தொந்தரவு செய்யலாமா என்றால், நான் செய்கிறேன், தெரிந்தேதான் செய்கிறேன். கறி தின்கிறவள் நான்; இந்த ஒன்றில் மட்டும் சுத்தபத்தம் பேசினால் நன்றாக இருக்காது.

செய்வதைப் பதனமாகச் செய்யலாம். பின்னோக்கி நீட்டுகிற பின்முள் இல்லாத தூண்டில் முள். முடிச்சில்லாத வலை. மீனைப் புல்லிலோ மண்ணிலோ போடாமல் நனைத்த பாய் மேல் வைத்து, கையையும் நனைத்துக்கொண்டு எடுப்பது, ஏனென்றால் அந்த வழுவழுப்புதான் அதன் தோலுக்குக் காவல். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பத்து போட்டோ எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

வெயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சூடு ஏற ஏறத் தண்ணீர் பிராணவாயுவைப் பிடித்துவைக்காது. 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் கரையும் என்றால் 25 டிகிரியில் 8 சொச்சம்தான். பாசியும் செடிகளும் பகலில் பிராணவாயு கொடுக்கும், இரவில் அவையும் எடுத்துக்கொள்ளும்; ஆகவே விடியற்காலையில்தான் மீனுக்கு மூச்சு முட்டும். நாள் கணக்கில் வெப்ப அலை அடிக்கும்போது மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், கழியை உறையிலிருந்தே எடுக்காமல் திரும்பிவிட வேண்டும். பொறுப்பான உரிமையாளர்கள் அந்த வாரங்களில் குளத்தை மூடிவிடுவார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு க்ரூசியன் என்ற பொன்னிறக் கெண்டை. பிராணவாயு அடியோடு இல்லாவிட்டாலும் அது தாக்குப்பிடிக்கும். பனி மூடிய குட்டையில் அதன் உடம்பு கழிவை எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். குளிர்காலம் முழுக்க லேசான போதையில் கிடக்கிற மீன் என்று நாங்கள் கேலி செய்வோம். நார்ஃபோக்கில் உழவுக்காகத் தூர்த்த வயல் குட்டைகளைத் திரும்பத் தோண்டி இந்த மீனை மறுபடி விட்டுவருகிறார்கள். அது கொத்துவது தக்கையில் தெரிவதே பெரும்பாடு, அதனால் அதைப் பற்றி இன்னொரு நாள்.

மாப்பிள்ளை விஷயம். நினைத்த இடத்தில் உட்கார முடியாது. முதலில் சுற்றுச்சூழல் முகமை என்கிற அரசு அமைப்பின் தூண்டில் உரிமம். 13 வயது முடிந்த எல்லோருக்கும் கட்டாயம், அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு எந்தக் குளத்திலும் இறங்கிவிடலாம் என்று நினைத்துவிடப் போகிறார்! குளத்துக்குத் தனியாக நாள் சீட்டு வாங்க வேண்டும், அல்லது சங்கத்தில் சேர வேண்டும். ரெடிங்கில் இருப்பது அவருக்கு அதிர்ஷ்டம். கெனட் ஆற்றோரம் சரளைக்கல் எடுத்த பள்ளங்கள் எல்லாம் தண்ணீர் நிறைந்து ஏரிகளாகிவிட்டன. ஆறும் பக்கத்திலேயே இருப்பதால் அந்த மூன்று மாதத் தடையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

ஊரிலிருந்து ஈயக்குண்டு கொண்டுபோக வேண்டாம். கொத்துக் கொத்தாக அன்னப்பறவைகள் அதை விழுங்கிச் செத்ததால் 1987 முதல் தூண்டிலில் கட்டுகிற பெரும்பாலான அளவு ஈயக்குண்டுகளுக்குத் தடை. இரைக்கு சூப்பர்மார்க்கெட்டில் ஒரு டின் இனிப்புச் சோளம் போதும், டென்ச்சுக்குப் பிரியம். தூண்டில் கடையில் ஈப்புழுவைப் பைண்ட் என்கிற முகத்தல் அளவில் அளந்து கொடுப்பார்கள். வெயிலில் அதை ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சில நாளில் கூட்டுப்புழுவாகி வீடெல்லாம் ஈ. வாங்குவதற்கு முன்னால் உங்கள் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழம்பு இல்லாமல் அவருக்கும் மனசு ஆறாது என்றால் ட்ரவுட் குளங்கள் இருக்கின்றன. இத்தனை மீன் எடுத்துப் போகலாம் என்று சீட்டிலேயே போட்டிருப்பார்கள், உரிமமும் அதேதான். பெரும்பாலான இடங்களில் செயற்கை ஈயைக் கட்டி வீசுகிற முறை மட்டும்தான், அதைப் பழக ஒரு கோடை ஆகும். ட்ரவுட் சதை மிருதுவானது, கொதிக்கவிட்டால் உடைந்துவிடும். குழம்பு கொதித்து இறக்கப் போகும்போது துண்டுகளைப் போடச் சொல்லுங்கள், புளி கொஞ்சம் தூக்கலாக.

அன்புடன்,
அக்கா