என்எஃப்எல் அணிகளுக்கு சீசன் நடுவே ஒரு வாரம் ஆட்டமே இல்லையே, ஏன்?

அதற்குப் பெயர் பை வீக். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடும். மிச்சமுள்ள ஒரு வாரம் ஓய்வு. ஆளோடு ஆள் முட்டி மோதும் ஆட்டம், உடம்பு தேற நாள் வேண்டும். அந்த வாரம் வீரர்களுக்குத் தொடர்ந்து நான்கு நாளாவது விடுப்பு தர வேண்டும். நெடுந்தூரம் ஓடிய பஸ்ஸை டிப்போவில் நிறுத்திச் சரிபார்ப்பது மாதிரி. (1990இல் இதைக் கொண்டுவந்தபோது டிவிக்கு விற்க ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தது, அது வேறு கதை.)

எல்லா அணிக்கும் ஒரே வாரத்தில் வராது. ஐந்தாம் வாரத்திலேயே வந்துவிட்டால் திண்டாட்டம்தான். அப்புறம் 13 வாரம் மூச்சுவிடாமல் ஆட வேண்டும்.

ஆடாத வாரம் வெற்றிக் கணக்கில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.