மைனஸ் 15 யாருக்கு?

கேள்வி: உறையின் மேல் ‘மைனஸ் 15’ என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நம்பி ஸ்லீப்பிங் பேக் (மலையேற்றத்தில் உள்ளே நுழைந்து தூங்கும் பை) வாங்கினேன். மைனஸ் 4 டிகிரியிலேயே விடிய விடிய நடுங்கினேன். “உங்களுக்குக் குளிர் தாங்காத உடம்பு” என்கிறார் கடைக்காரர். குறை என் உடம்பிலா?

பதில்: உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. பைக்குள் தைத்திருக்கும் சின்னத் துணிச்சீட்டைத் தேடிப் பாருங்கள். முறையாகச் சோதித்த பை என்றால் ஐஎஸ்ஓ 23537 என்ற தர எண்ணோ, அதற்கு முந்தைய இஎன் 13537 என்ற எண்ணோ இருக்கும். கூடவே மூன்று வெப்பநிலைகள். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் சமாளிக்கக்கூடிய குளிர். மூன்றாவதான ‘எக்ஸ்ட்ரீம்’ இருக்கிறதே, அதில் ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு இருப்பார், அவ்வளவுதான். விரல்கள் உறைந்து போகலாம். சில உறைகளில் கொட்டை எழுத்தில் அச்சாவது இந்த மூன்றாவது எண்தான். சாகாமல் இருப்பதைத் தூங்குவது என்று சொல்லி விற்கிறார்கள். பல வருடங்களாக இதைப் பார்த்து எரிச்சல்படுகிறேன்.

இன்னொன்று. இந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், சூடேற்றிய பொம்மை ஒன்றை உள்ளே படுக்கவைத்து நடப்பது. பொம்மைக்கு முழுக்கை உள்ளாடை உண்டு, அடியில் விரிப்பும் உண்டு. எட்டு மணி நேரம் ஏறிய களைப்போ, பாதிச் சாப்பாட்டோடு படுத்த வயிறோ அதற்குக் கிடையாது. எனவே கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். உங்கள் பையில் துணிச்சீட்டே இல்லை என்றால், ‘மைனஸ் 15’ எந்தச் சோதனையில் வந்தது என்று கடைக்காரரை எழுத்தில் கேளுங்கள். உறையைப் படம் எடுத்து வையுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் நாங்களே மலையில் 4,500 மீட்டர் வரை போகிறோம். எந்த அளவுக் குளிருக்கான பை தேவை?

பதில்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். அடிவாரம் 1,500 மீட்டரில், அங்கே இரவில் 12 டிகிரி என்றால், மேலே மைனஸ் 7 அல்லது 8 இருக்கும். மேகமில்லாத இரவும் காற்றும் சேர்ந்தால் இன்னும் மோசம். கம்ஃபர்ட் மைனஸ் 12 உள்ள பையாக எடுங்கள். உங்களுக்காக சுமை தூக்க ஆள் இல்லை என்பதால் எடையையும் பாருங்கள்.

கேள்வி: பைக்கே பணமெல்லாம் போய்விட்டது. அடியில் விரிக்க ஏதாவது மலிவாகப் போதாதா?

பதில்: போதாது. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. தரைக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது விரிப்பு மட்டும்தான். அதன் ‘ஆர்’ மதிப்பை, அதாவது குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்ணை, கேட்டு வாங்குங்கள். பனித்தரைக்கு ஐந்துக்கு மேல் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விரித்தால் மதிப்புகள் கூடும்: இரண்டு உள்ள ஃபோம் விரிப்பும் மூன்றரை உள்ள காற்று மெத்தையும் சேர்ந்தால் ஐந்தரை.

நானும் ஒருமுறை ஃபோமைச் சுமையென்று விட்டுவிட்டு, இறகு போல எடையற்ற காற்று மெத்தை ஒன்றை மட்டும் நம்பிப் போனேன். மூன்றாம் இரவு ‘உஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம். நடுநிசியில் இடுப்பெலும்பு கல்லில் இடித்து விழித்தேன். ஒட்டுப்போடும் பசை குளிரில் கட்டியாகியிருந்தது. அன்றிலிருந்து ஃபோம் இல்லாமல் கிளம்புவதில்லை.

கேள்வி: நாளை மறுநாள் புறப்படுகிறோம். இன்னும் பை வாங்கவில்லை. எது நல்லது?

பதில்: வாடகைப் பை.

கேள்வி: 800 ஃபில் பவர் உள்ள டவுன் பையா, 650 உள்ளதா?

பதில்: எத்தனை கிராம் டவுன் என்று சொல்லவில்லையே! டவுன் என்பது வாத்து நெஞ்சுத் தூவி. ஃபில் பவர் 800 என்றால் ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், 800 கன அங்குலத்துக்கு உப்பும் என்று பொருள். 800-இல் 200 கிராம் அடைத்த பையைவிட, 650-இல் 500 கிராம் அடைத்தது இரண்டு மடங்கு உப்பும், எடையும் கூடும். இரண்டு எண்ணையும் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். ஓயாத மழைக்காலம் என்றால் செயற்கை இழையே மேல். தூவி நனைந்தால் தோசை போலத் தட்டையாகிவிடும்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய டவுன் பை இப்போது உப்பவே மாட்டேன் என்கிறது. உறையில் இறுக்கிக் கட்டிப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். நிறுவனம் ஏமாற்றிவிட்டதா?

பதில்: இல்லை, மூன்று வருடம் கழுத்தை நெரித்தது நீங்கள். வீட்டில் பெரிய துணிப்பையில் தளர்வாக வைத்திருக்க வேண்டும். டவுனுக்கென்று விற்கும் சோப்பில் அலசி, டிரையரில் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்துகளோடு சுற்றவிடுங்கள். கொஞ்சம் மீளலாம்.

கேள்வி: ‘ஒரே முறை பயன்படுத்தியது’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பழைய பை வாங்கினேன். உள்ளே தைத்துப் பிரித்த அறைகளில் பாதியில் தூவியே இல்லை. விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: வருத்தமாக இருக்கிறது. விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்து, இன்றே விற்பனைத் தளத்தில் புகார் செய்யுங்கள். தாமதித்தால் கெடு முடிந்துவிடும். அடுத்த முறை நேரில் போய், பையை உதறி ஒரு மணி நேரம் விரித்துவைத்து, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவும் இடமெல்லாம் காலி அறைகள். என் முதல் பையில் பதினொன்று இருந்தன.