‘விச்’ வந்த பிறகு ‘இட்’ எதற்கு?

ஆங்கிலம்: கேள்வி – பதில்

கேள்வி: ‘தி மொபைல் விச் ஐ பாட் இட் லாஸ்ட் வீக் இஸ் நாட் ஒர்க்கிங்’ என்று கடைக்கு மெயில் எழுதினேன். படித்துப் பார்த்த தோழி ‘இட்’டை அடித்துவிட்டாள். வாங்கியது எதை என்று சொல்ல வேண்டாமா?
– வாசகி, கரூர்

பதில்: சொல்லியாயிற்று. அந்த ‘விச்’தான் உங்கள் ‘இட்’. ‘ஐ பாட் இட்’ என்பது தனி வாக்கியம். அதை மொபைலோடு ஒட்டும்போது ‘இட்’ உருமாறி ‘விச்’ ஆகி முன்னால் போய்விடுகிறது. ‘பாட்’டுக்குப் பின்னால் இருந்த இடம் காலியாகவே இருக்க வேண்டும்.

நம்மவர்கள் இதில் தடுக்கி விழுவதற்குக் காரணம் உண்டு. ‘நான் வாங்கிய மொபைல்’ என்பதில் பிரதிப்பெயரே கிடையாது. ‘வாங்கிய’ என்ற பெயரெச்சமே இரண்டையும் இணைத்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் ‘விச்’சையும் வெறும் இணைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். பிறகு ‘எதை வாங்கினேன்’ என்பது விட்டுப்போனதாகத் தோன்றி, ‘இட்’டைச் சேர்த்துவிடுகிறோம். ‘தி பாய் ஹூ ஹிஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்’ என்பதும் இதே கோளாறுதான். அங்கே ‘ஹூ’, ‘ஹிஸ்’ இரண்டையும் எடுத்துவிட்டு ‘ஹூஸ்’ போட வேண்டும்: ‘தி பாய் ஹூஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்’.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ‘நாங்கள் குடியிருக்கும் வீடு’ என்பதில் ‘இல்’ உருபு மறைந்திருப்பதால், ‘தி ஹவுஸ் விச் வீ லிவ்’ என்று எழுதிவிடுவார்கள். ‘வீ லிவ் இன் இட்’ என்பதில் ‘இட்’ மட்டும்தான் ‘விச்’ ஆனது; ‘இன்’ எங்கும் போகவில்லை. ‘தி ஹவுஸ் விச் வீ லிவ் இன்’ என்று கடைசியில் தொங்கவிடலாம், ‘தி ஹவுஸ் இன் விச் வீ லிவ்’ என்று முன்னால் கொண்டுவரலாம். கடைசியில் ‘இன்’ வந்தால் தப்பு என்று சில ஆசிரியர்கள் இன்னமும் மதிப்பெண் குறைக்கிறார்கள். அது வீண் கெடுபிடி.

சந்தேகம் வந்தால், துணை வாக்கியத்தை மட்டும் பிரித்தெடுத்து, ‘விச்’, ‘ஹூ’ இருக்கும் இடத்துக்குப் பதில் ‘இட்’, ‘ஹீ’, ‘ஹிம்’ போட்டுத் தனி வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எது மிஞ்சுகிறது, எது குறைகிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: சில இடங்களில் ‘ஹூ’, ‘விச்’ எதுவுமே இல்லாமல் எழுதுகிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: துணை வாக்கியத்துக்கு வேறொரு எழுவாய் இருந்தால் விட்டுவிடலாம்: ‘தி மேன் ஐ மெட் எஸ்டர்டே’. அந்த ‘ஹூ’வே எழுவாயாக இருந்தால் விடக் கூடாது. ‘தி மேன் கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்’ என்று எழுதினால், படிப்பவர் ‘நேற்று ஆள் வந்தார்’ என்று வாக்கியத்தை முடித்துக்கொள்வார். பின்னால் வரும் ‘இஸ்’ அவரைத் திகைக்க வைக்கும். முன்னும் பின்னும் கமா போட்டு எழுதும் துணை வாக்கியத்திலும் விட முடியாது.

கேள்வி: ‘வென் ஹீ கேம் ஹோம், ரவி ஸ்விட்ச்டு ஆன் தி ஃபேன்’ என்று ஒரு பயிற்சித் தாளில் இருந்தது. பெயரைச் சொல்வதற்கு முன்பே ‘ஹீ’ வரலாமா?
– போட்டித் தேர்வு எழுதும் வாசகர், விருதுநகர்

பதில்: வரலாம், ‘ஹீ’ துணை வாக்கியத்துக்குள் இருந்தால். இப்போது இடத்தை மாற்றிப் போடுங்கள்: ‘ஹீ ஸ்விட்ச்டு ஆன் தி ஃபேன் வென் ரவி கேம் ஹோம்’. ஃபேனைப் போட்டது ரவி அல்ல, வேறு யாரோ. இரண்டிலும் ‘ஹீ’தான் முதலில் வருகிறது, ஆனால் பொருள் வேறு.

முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. 1969-இல் ரொனால்ட் லாங்காக்கர் என்ற மொழியியலாளர், முந்தி வருவதோடு வாக்கிய அமைப்பில் எது மேலே நின்று மற்றதை ஆள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். 1976-இல் டான்யா ரைன்ஹார்ட் தன் ஆய்வேட்டில், முந்துவதை விட்டுவிட்டு மேலே நிற்பதை மட்டும் பார்த்தாலே போதும் என்று வாதிட்டார். ‘நியர் ரவி, ஹீ சா எ ஸ்னேக்’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். பெயர்தான் முதலில் வருகிறது. ஆனாலும் பாம்பைப் பார்த்தவர் ரவி என்று ஆங்கிலேயர் கொள்ள மாட்டார். ‘ஹீ’ முழு வாக்கியத்துக்கும் எழுவாயாக மேலே உட்கார்ந்துவிட்டது. அதன் ஆளுகைக்குள் இருக்கும் பெயர் அதே ஆளைக் குறிக்க முடியாது. ‘ஹிஸ் மதர் ஸ்கோல்டட் ரவி’ என்றால் திட்டியது ரவியின் அம்மாவாகவே இருக்கலாம். இங்கே எழுவாய் ‘மதர்’; ‘ஹிஸ்’ அதற்குள் அடங்கியது, அதனால் ‘ரவி’ அதன் ஆளுகைக்குள் வரவில்லை.

தேர்வுக்கு இவ்வளவு தேவையில்லை. முதன்மை வாக்கியத்தின் எழுவாயாக ‘ஹீ’ இருந்து, பெயர் அதன் பின்னால் துணை வாக்கியத்தில் வந்தால் இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ‘வீட்டுக்கு வந்ததும் ரவி ஃபேனைப் போட்டான்’ என்று எழுவாயை ஒருமுறை சொன்னால் போதும். அதை நினைத்து ‘வென் கேம் ஹோம், ரவி...’ என்று தொடங்கிவிடாதீர்கள். ‘வென்’, ‘பிகாஸ்’, ‘இஃப்’ போட்டு வினைமுற்று எழுதினால் எழுவாயும் கூடவே வேண்டும். மழை பெய்ததைச் சொல்லும்போதுகூட ‘பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்’ என்று பொருளே இல்லாத ஒரு ‘இட்’டைப் போட்டாக வேண்டும்.

கேள்வி: கடன் முகவர் என் தம்பியிடம் ‘அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன்’ என்றார். புகார்க் கடிதத்தில் ‘தி ஏஜென்ட் டோல்டு தட் ஐ வில் பே தி ஃபைன்’ என்று எழுதலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: அனுப்பிவிடாதீர்கள்! அபராதத்தை நீங்கள் கட்டுவதாக ஆகிவிடும். ‘என்று’ போட்டால் தமிழில் அவர் சொன்ன ‘நான்’ அப்படியே நிற்கும். மேற்கோள் குறி இல்லாமல் ‘தட்’ போட்டால் ‘ஐ’ என்பது கடிதம் எழுதுபவரைத்தான் குறிக்கும். ‘டோல்டு’க்கு அடுத்து யாரிடம் சொன்னார் என்பதும் வர வேண்டும்.

‘தி ஏஜென்ட் டோல்டு மை பிரதர் தட் ஹீ வுட் பே தி ஃபைன்’ என்று திருத்தினால் இலக்கணம் சரி, பொருள் தெளிவாக இல்லை. ‘ஹீ’ முகவரா, தம்பியா? தமிழில் ‘தான் கட்டுவதாக’ என்று எழுதி இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்போம்; ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அதனால் வினையை மாற்றுங்கள்: ‘தி ஏஜென்ட் ப்ராமிஸ்டு மை பிரதர் டு பே தி ஃபைன்’. ‘ப்ராமிஸ்டு’ என்றால் கட்ட வேண்டியவர் முகவர். அதே இடத்தில் ‘டோல்டு மை பிரதர் டு பே’ என்று எழுதினால் பொறுப்பு தம்பி தலையில் விழும். இன்னும் பாதுகாப்பான வழி, முகவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுப்பது.

கேள்வி: ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ’ தப்பா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: தப்பு. ‘வேர் ஹீ இஸ்’. கேள்வி துணை வாக்கியமானதும் எழுவாய் முன்னால் வந்துவிடும்.

கேள்வி: ‘டு’வுக்குப் பின் ‘ஹூம்’ வர வேண்டும் என்று படித்தேன். ‘கிவ் இட் டு ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்’ என்று எழுதுகிறார்களே?
– வாசகர், சிதம்பரம்

பதில்: அவர்கள் எழுதுவது சரி. ‘டு’வுக்கு உரியது ‘ஹூஎவர்’ மட்டுமல்ல, ‘ஹூஎவர் கம்ஸ் ஃபர்ஸ்ட்’ என்ற முழுத் துணை வாக்கியம். அதற்குள் ‘கம்ஸ்’ஸுக்கு எழுவாய் வேண்டும், அதனால் ‘ஹூஎவர்’. ‘எ மேன் ஹூ ஐ திங்க் இஸ் ஹானஸ்ட்’ என்பதிலும் பலர் பயந்துபோய் ‘ஹூம்’ போடுவார்கள். பிரித்துப் பாருங்கள்: ‘ஐ திங்க் ஹீ இஸ் ஹானஸ்ட்’. ‘ஹீ’ வந்தால் ‘ஹூ’, ‘ஹிம்’ வந்தால் ‘ஹூம்’. பேச்சில் ‘ஹூம்’ அருகிவிட்டது. ‘டு ஹூம்’, ‘வித் ஹூம்’ என்று முன்னிடைச்சொல்லை ஒட்டி வரும்போது மட்டும் எழுத்தில் அதை விடாதீர்கள்.