பால்கனி ஸ்லைடிங் கதவுக்கு ஸ்க்ரீன் நல்லதா, பிளைண்ட்ஸ் நல்லதா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு என்னுடைய 14,000 ரூபாய் ஞாபகம் வந்துவிட்டது.

புது ஃப்ளாட்டுக்குச் சாவி வாங்கியிருப்பீர்கள். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் ஆறடி அகலத்துக்குக் கண்ணாடிக் கதவு. கிரகப்பிரவேசத்துக்குள் எதையாவது மாட்டிவிட வேண்டும் என்று அவசரம். அப்படித்தானே? நாங்களும் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம்.

எங்களுடையது சென்னை மேடவாக்கத்தில் ஆறாவது மாடி. பால்கனி மேற்குப் பார்த்தது. விற்கும்போது ‘சன்செட் வியூ’ என்றார்கள். கத்திரி வெயிலில் மூன்று மணிக்கெல்லாம் அந்த வியூ சோஃபா மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்காரர் கேட்லாக்கை விரித்து, “இந்த மாதிரி டோருக்கு வெர்டிகல் பிளைண்ட்ஸ்தான் மேடம், ஆபீஸ் லுக் கிடைக்கும்” என்றார். “வீட்டுக்கு எதுக்கு ஆபீஸ் லுக்?” என்று என் மாமியார் கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. மேலிருந்து பட்டை பட்டையாகத் தொங்கும் அதையே 14,000 ரூபாய்க்கு மாட்டினோம்.

மத்தியானம் கடற்காற்று எழும்பினால் எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் வழியாக நுழைந்து இந்தக் கதவு வழியாகத்தான் வெளியேறும். நீளநீளமான பட்டைகள் எல்லாம் காற்றோடு பால்கனிப் பக்கம் பறக்கும். கதவை இழுத்தால் நடுவில் நாலு சிக்கும். அடியில் பட்டைகளைக் கோத்திருந்த மணிச்சங்கிலி இரண்டே மாதத்தில் அறுந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒன்றரை வயது மகள் ஒருநாள் தொங்கிக்கொண்டிருந்த கயிற்று வளையத்தை எடுத்து மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். இப்போது எழுதும்போதும் வயிற்றைப் பிசைகிறது. குழந்தை இருக்கிற வீட்டில் கயிறு தொங்கும் எந்த பிளைண்ட்ஸும் வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா, இன்றைக்கே சுவரில் உயரத்தில் கொக்கி அடித்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் சூடாவது குறைந்ததா என்றால், இல்லை. “வெயிலை உள்ள விட்டுட்டு அப்புறம் துணியப் போட்டு மூடினா என்னம்மா பிரயோஜனம்? வெளியில தட்டி கட்டு” என்றார் மாமியார். கணக்கு சரிதான். கண்ணாடியைத் தாண்டி வெயில் வந்துவிட்டால் பட்டையோ துணியோ அதை வாங்கிச் சூடாகி, அறைக்குள்ளேதான் திருப்பி விடும். வெளியிலேயே நிறுத்தினால் கண்ணாடி மேலே வெயிலே படாது. சாலையோரம் மூங்கில் தட்டி பின்னுகிறவரிடம் அளவு கொடுத்து, சுருட்டி ஏற்றுகிற மாதிரி இரண்டு வாங்கிப் பால்கனி விளிம்பில் கட்டினோம். அந்த மே மாதம் ஏசி போடும் நேரம் ஏழு மணிக்குத் தள்ளிப்போனது.

உடனே அசோசியேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி. ‘எலிவேஷன் கெடுகிறது’, அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம் கெடுகிறதாம், கழற்ற வேண்டுமாம். அதே பிளாக்கில் ஒருவர் பால்கனியையே கண்ணாடி போட்டு அடைத்து அறையாக்கியிருக்கிறார், அதில் கெடாத எலிவேஷன்! மெயின்டனன்ஸை மாதம் பிறந்ததும் கட்டுகிறவர்களிடம்தான் இவர்கள் சட்டம் பேசுவார்கள். லாரித் தண்ணீர்க் கணக்கைக் கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது, இதுவரை ஒரு தாள் வரவில்லை. சரி, அது வேறு கதை. ‘பால்கனியில் தட்டி கட்டக் கூடாது என்று பைலாவில் (அசோசியேஷன் விதிகளில்) எந்த வரியில் இருக்கிறது?’ என்று எழுத்தில் கேட்டேன். பதில் இல்லை. தட்டி இருக்கிறது.

வெளியே தட்டி வந்துவிட்டால் உள்ளே சாதாரண காட்டன் ஸ்க்ரீன் போதும். கம்பியைக் கதவைவிட இரண்டு பக்கமும் ஓரடி நீளமாகப் போடுங்கள், அதாவது எட்டடி. ரிங் வைத்த ஸ்க்ரீன் மடிப்பு மடிப்பாக விழ இரட்டிப்பு அகலம் வேண்டும், பதினாறடி. நாலடி அகல ரெடிமேட் என்றால் நாலு. கடையில் ‘டோர் சைஸ்’ என்று கொடுப்பது ஏழடி நீளம். கம்பியைக் கதவுக்கு மேலே ஏற்றி மாட்டினால் அது தரைக்கு எட்டாது. ஒன்பதடி வாங்கி அடியை மடித்துத் தையுங்கள், ஆனால் தரையைத் தொட விடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் கதவின் கீழ்த் தடத்தில் தண்ணீர் வடிகிற ஓட்டை மண்ணடைத்துப்போய், பால்கனியில் தேங்கிய மழைத் தண்ணீர் ஹாலுக்குள் வந்தது. ஸ்க்ரீன் முழங்கால் உயரம் வரை உறிஞ்சிப் பூஞ்சை பிடித்துவிட்டது. இன்னொன்று, ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் பலகையில் ஸ்க்ரூ போட்டுக் கம்பியைத் தொங்கவிட விடாதீர்கள். குழந்தை ஒருமுறை பிடித்து இழுத்தால் பலகையோடு வரும்.

‘டபுள் கிளேஸிங் (இரட்டைக் கண்ணாடி) போட்டால் இதெல்லாம் தேவையில்லை’ என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். போடுங்கள், உங்களுக்கு வசதி இருக்கிறது. நான் இன்டீரியர் டிசைனரும் இல்லை, மூங்கில் வியாபாரமும் செய்யவில்லை. கிழக்குப் பார்த்த பால்கனி என்றால் காலை வெயிலோடு போய்விடும், ஸ்க்ரீன் மட்டுமே போதுமாக இருக்கலாம்.

தட்டியிலும் தொல்லை உண்டு. போன வருடம் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் சுருட்டி வைத்த தட்டி மேலே புறா இரண்டு முட்டை போட்டிருந்தது. மாமியார் இறக்க விடவில்லை. குஞ்சு பொரித்துப் பறந்து போகிறவரை சோஃபாவில் மறுபடியும் சன்செட் வியூ. இப்போது புறா வலையும் போட்டாயிற்று. அதனால் எலிவேஷன் கெடவில்லை போலிருக்கிறது, யாரும் செய்தி அனுப்பவில்லை.