கார்னெட் விளிம்பை வைத்துக் காலம் கணிக்கலாமா?

கேள்வி: கொடைக்கானல் மலைப் பகுதி நைஸ் என்ற உருமாறிய பாறையில் கிடைத்த கார்னெட் கனிமத்தில், பயோடைட் என்ற மைக்கா கனிமத்தைத் தொடும் விளிம்பில் 40 மைக்ரான் தூரத்துக்கு மக்னீசியம் குறைகிறது. மைக்ரோபுரோப் (எலெக்ட்ரான் கற்றையால் கனிமத்தின் கலவையைப் புள்ளி புள்ளியாக அளக்கும் கருவி) அளவீட்டுக்கு ஏற்பாடு செய்த தரகர், பாறை ஆறிய காலம் என்று ஓர் எண்ணையும் சேர்த்துத் தந்தார். ஆய்வேட்டில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்த எண் எந்த வெப்பநிலையை வைத்து வந்தது, பாறையின் வெட்டு கார்னெட்டின் எல்லைமேல் எந்தக் கோணத்தில் விழுந்தது என்பது அதில் இல்லை.

சூட்டில் மக்னீசியம் கார்னெட்டுக்கும் பயோடைட்டுக்கும் இடையே மெல்லப் பரிமாறப்படுவதுதான் விரவல். அது எட்டிய தூரத்தை வைத்துக் கணிக்கும் காலம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்க மெலிதாகச் சீவிய பாறைத் துண்டான தின் செக்‌ஷனில் கார்னெட்டின் எல்லை 45 டிகிரி சாய்ந்திருந்தால் தூரம் 1.4 மடங்காகத் தெரியும், காலம் இரட்டிப்பாகிவிடும். மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். எல்லைக்கோடு பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த இடம் வேண்டாம்.

அந்தப் பகுதிப் பாறைகள் பல 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியவை. கார்னெட் வளர்ந்தபோது பதிந்த வேறுபாடு அந்தச் சூட்டில் பெரும்பாலும் அழிந்திருக்கும். உங்களிடம் இருப்பது ஆறும்போது உருவான விளிம்பு. அதற்கு ஒரே வெப்பநிலையைப் போட்டுக் கணக்கிடுவது தவறு. ஆறும் வேகத்தை வைத்துத்தான் பொருத்த வேண்டும். 700 டிகிரி அருகே 50 டிகிரி பிசகினால் விடை ஏறக்குறைய ஐந்து மடங்கு மாறும். விரவல் வேகத்துக்கான சோதனைகள் பலவும் 1100 டிகிரிக்கு மேல் செய்யப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. எனவே எழுதுவதானால் ஒரு வரம்பாக எழுதுங்கள்.

மாங்கனீசைக் கட்டாயம் பாருங்கள். விளிம்பில் அது சட்டென்று ஏறினால், கார்னெட் கரைந்து சுருங்கியிருக்கிறது. பயோடைட் அதிகம் ஏற்காத மாங்கனீசு, மிஞ்சிய கார்னெட்டுக்குள்ளேயே திரும்பிச் சேர்கிறது. எல்லையே இடம் பெயர்ந்துவிட்டதால் 40 மைக்ரானை அப்படியே சூத்திரத்தில் போட முடியாது. இன்னொன்று: கரைந்த கார்னெட்டின் இரும்பு அருகிலுள்ள பயோடைட்டின் கலவையை மாற்றியிருக்கும். கார்னெட்டின் மையத்தையும் அந்தப் பயோடைட்டையும் சேர்த்து வெப்பநிலை கணித்தால் உண்மையைவிட அதிகமாக வரும். ஓரம் அரித்ததுபோல் வளைந்து நெளிந்த கார்னெட் மணிகளில் இது சகஜம்.

தரகர்கள் தரும் அட்டவணையில் ஒவ்வொரு புள்ளியின் ஆக்சைடு சதவீதக் கூட்டுத்தொகையும் சரியாக 100.00 என்றிருந்தால் ஏமாறாதீர்கள். எல்லாவற்றையும் 100-க்குச் சமன் செய்திருக்கிறார்கள்; கெட்ட புள்ளிகள் அதில் மறைந்துவிடும். மூலத் தரவைக் கேளுங்கள்: கூட்டுத்தொகை 98.5 முதல் 101-க்குள், 12 ஆக்சிஜனுக்கு நேர் அயனிகள் 8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அளந்த கோடு குறிக்கப்பட்ட எலெக்ட்ரான் படமும் வேண்டும். புள்ளிகளுக்கு இடையே 2 முதல் 3 மைக்ரான் போதும். அதைவிட நெருக்கினால் கற்றை அடுத்த புள்ளியையும் சேர்த்தே படிக்கும். மைக்ரோபுரோபில் நேரம் கேட்டு மாதக்கணக்கில் மாணவர்களைக் காக்கவைத்து, கருவி முன் உட்காரவும் விடாத ஏற்பாடுதான் இந்தத் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

அடுத்த முறை நேரம் கிடைத்தால், அதே கார்னெட் குவார்ட்ஸைத் தொடும் பக்கத்திலும் ஒரு கோடு எடுங்கள். குவார்ட்ஸில் பரிமாற மக்னீசியம் இல்லை. அங்கே மக்னீசியம் அளவு ஏறத்தாழ தட்டையாக வர வேண்டும். அங்கும் அதே சரிவு வந்தால், தொட்டிருக்கும் பயோடைட்டோடு மட்டும் நடந்த பரிமாற்றம் என்ற விளக்கம் சந்தேகத்துக்குரியது.