ஸ்க்ரீன்ஷாட்டில் வந்த விலை

வாசகியின் கேள்வி:

அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மா என்னோடு இருக்கிறார். பூட்டிக் கிடக்கும் அப்பாவின் வீட்டை விற்கலாம் என்று நானும் தங்கையும் வெளிநாட்டில் இருக்கும் தம்பியும் பேசி முடிவெடுத்தோம். நான் ஒரு புரோக்கரை அழைத்து வீட்டைக் காட்டினேன். அவர் சொன்ன விலையைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று இரவே தம்பி ஒரு வீட்டு விற்பனைத் தளத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினான். அதிலிருந்த மதிப்பு புரோக்கர் சொன்னதைவிட நான்கில் ஒரு பங்கு அதிகம். கீழே ஒரே ஒரு வரி: "இந்த புரோக்கரை யார் பிடித்தது?" எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. பதில் போடவில்லை. மறுநாள், "நீல டிக் வந்துவிட்டது, பதில் மட்டும் இல்லை. புரிகிறது" என்று எழுதிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறிவிட்டான். தங்கையோ, புரோக்கரே வேண்டாம், நாமே வீடியோ எடுத்துப் போட்டு விற்றுவிடலாம் என்கிறாள். அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். எதுவும் சொல்லவில்லை. எந்த விலை சரி? தம்பியிடம் நான் என்ன பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

விலையைவிடத் தம்பிதான் அவசரம். ஆனாலும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டிலிருந்தே தொடங்குகிறேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் தம்பியிடம் பேசுவது உங்களுக்குச் சுலபமாகும்.

அந்தத் தளம் உங்கள் அப்பாவின் வீட்டைப் பார்த்ததில்லை. பரப்பளவு, அறைகளின் எண்ணிக்கை, கட்டிய வருடம், அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற வீடுகளின் விலை என்று கையில் கிடைக்கும் தகவலை வைத்துக் கணினி ஒரு கணக்குப் போடுகிறது. ஒரே மாதிரியான வீடுகள் நிறைய இருந்து, அவை அடிக்கடி கைமாறி, விற்ற விலையும் ஒளிவுமறைவில்லாமல் பதிவாகிற இடத்தில் அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். வீட்டுக்கு வீடு வேறுபடும் தெருவில் தடுமாறும். சுவரில் ஓதம் ஏறியிருப்பது அதற்குத் தெரியாது. ஒன்றரை வருடமாகப் பூட்டிக் கிடந்ததில் கதவு உப்பிப்போயிருந்தால் அதுவும் தெரியாது. காலையில் ஒரு அறைக்குள் விழும் நல்ல வெளிச்சமும் தெரியாது. அதனால் எண் கூடவும் போகலாம், குறையவும் போகலாம்.

இப்படிப்பட்ட மதிப்பீட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பெரிய அளவில் கொண்டுவந்தது, 2006-ல் தொடங்கிய ஜில்லோ என்ற அமெரிக்கத் தளம். விற்பனைக்கு வராத வீடுகளில் தன் மதிப்பீட்டின் இடைநிலைப் பிழை ஏறத்தாழ 7 சதவீதம் என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதாவது, பாதி வீடுகளில் பிழை அதைவிட அதிகம். விற்பனைக்கு வந்துவிட்ட வீடுகளிலோ பிழை 2 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது. உரிமையாளர் கேட்கும் விலை தளத்தில் ஏறியதும் கணினி அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது இதற்கு முக்கியமான காரணம். மனிதர்கள் ஒரு விலையைச் சொன்ன பிறகு, எண் அதை நோக்கி நகர்ந்து வருகிறது.

அந்த நிறுவனத்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்பென்சர் ராஸ்காஃப் 2016-ல் சியாட்டிலில் இருந்த தன் சொந்த வீட்டை விற்றார். அவருடைய தளமே காட்டிய மதிப்பைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாகத்தான் விற்றது. பின்னால் அந்த நிறுவனம் தானே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலிலும் இறங்கியது. 2021 நவம்பரில் அதைக் கைவிடுவதாக அறிவித்து, ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினரைக் குறைத்தது. வீட்டு விலை எப்படிப் போகும் என்பதைக் கணிப்பது தாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது என்று அவர்களே சொன்னார்கள். இத்தனை தகவலும் இத்தனை பொறியாளர்களும் இருந்த இடத்திலேயே நிலைமை இதுதான்.

அதற்காக உங்கள் புரோக்கர் சொன்னதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. இந்த இடத்தில் தம்பியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் சிகாகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரோக்கர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளரின் அதே மாதிரி வீட்டைவிட ஏறத்தாழ 3.7 சதவீதம் கூடுதல் விலை வாங்கினார்கள். சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள். காரணம் எளிது. உங்கள் வீட்டுக்கு விலை கொஞ்சம் கூடினால் புரோக்கருக்குக் கமிஷனில் கிடைப்பது சொற்பம். அதற்காக இன்னும் இரண்டு வாரம் அலைவதைவிடச் சீக்கிரம் முடித்துக்கொள்ளவே தோன்றும். இதில் யாரும் கெட்டவர் இல்லை. அவருடைய கணக்கு வேறு, உங்களுடைய கணக்கு வேறு.

சரி, அப்படியென்றால் எந்த விலை? இரண்டு எண்ணையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வீட்டுக்குள் நடந்து பார்க்கக்கூடிய இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக அழையுங்கள். அதில் ஒருவர், விற்பனையில் எந்தப் பங்கும் இல்லாமல் மதிப்பிடுவதற்கு மட்டும் கட்டணம் வாங்குபவராக இருக்கட்டும். அந்த ஒருவரைத் தம்பியே தேர்ந்தெடுக்கட்டும். வருபவர்கள் யாரிடமும் புரோக்கர் சொன்ன விலையையோ தளத்தில் இருந்த விலையையோ தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு நிஜ வீட்டை மாணவர்களுக்கும் அனுபவமுள்ள புரோக்கர்களுக்கும் காட்டினார்கள். எல்லோரிடமும் ஒரே விவரக் கட்டு. அதில் வீட்டுக்குக் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி எழுதப்பட்டிருந்தது. அதிக விலையைப் பார்த்தவர்கள் அதிகமாகவும், குறைந்த விலையைப் பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். புரோக்கர்களும் இதற்கு விலக்கில்லை. ஆனால், எழுதியிருந்த விலையைப் பார்த்தா சொன்னீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலான புரோக்கர்கள் இல்லை என்றே பதில் சொன்னார்கள். இந்த ஆய்வு 1987-ல் வெளியானது. முதலில் பார்த்த எண் மனதில் ஆணி அடித்து உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் மனதில் புரோக்கரின் எண், தம்பியின் மனதில் திரையின் எண். இரண்டு பேருமே மனசாட்சிப்படிதான் பேசுகிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுத் தளங்களில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் கேட்கும் விலைகள். கடைசியில் கைமாறிய விலை வேறு. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்றவர்களிடம் நேரிலேயே கேட்டுப் பாருங்கள்.

இப்போது தம்பி. "இந்த புரோக்கரை யார் பிடித்தது?" என்ற வரியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். 'அக்கா என்னை ஏமாற்றப் பார்க்கிறாள்' என்றும் படிக்கலாம். 'இந்த ஆள் அக்காவை ஏமாற்றப் பார்க்கிறான்' என்றும் படிக்கலாம். அவன் எந்தக் குரலில் அதை எழுதினான் என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒரு வாக்கியம் கேலியா, நிஜமா என்று எதிராளி கண்டுபிடிக்க வேண்டும். குரலில் கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களோ குருட்டாம்போக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் மேல். அனுப்பியவர்கள் மட்டும் தங்கள் தொனி எழுத்திலும் தெளிவாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பினார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது இல்லையா, அது எழுத்தோடு சேர்ந்து போய்விடும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நீங்கள் பதில் போடாததும் அப்படித்தான். கை நடுங்கி உட்கார்ந்திருந்தீர்கள். அது தம்பிக்கு எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது இரண்டு நீலக் கோடுகள் மட்டும். வாட்ஸ்அப் அந்த நீல நிறத்தைக் கொண்டுவந்தது 2014 நவம்பரில். தனி உரையாடலில் அதை அணைத்து வைக்கலாம். குழுவில் அணைக்க வழியே இல்லை. அதற்கு முன்பெல்லாம் ஒரு கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் வந்து சேரவில்லையோ, உடம்பு சரியில்லையோ என்று நினைக்க இடம் இருந்தது. அந்த இடத்தை நீல டிக் எடுத்துக்கொண்டுவிட்டது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. மனிதர்கள் ஒருவரையொருவர் மன்னிப்பதற்கு அந்தச் சின்னச் சந்தேகம் எவ்வளவோ உதவியது.

இதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. குழுவில் ஒரு செய்திக்கு டிக் நீலமாக மாற வேண்டுமென்றால் எல்லோரும் அதைத் திறந்திருக்க வேண்டும். தம்பி நீல டிக் வந்ததாக எழுதியிருக்கிறான். அப்படியென்றால் அம்மாவும் அந்த வரியைப் பார்த்திருக்கிறார். தன் வீட்டின் விலையையும், அதன் கீழே பிள்ளைகள் போட்ட சண்டையையும் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். உங்கள் கடிதத்தில் நீங்கள், தங்கை, தம்பி மூன்று பேரும் முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. கேட்டிருக்கலாம், எழுத விட்டுப்போயிருக்கலாம். கேட்கவில்லை என்றால் இன்றைக்கே போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வீட்டை விற்பதில் அவருக்குச் சம்மதமா, எப்போது விற்கலாம், எந்தப் பொருளை எடுத்து வைக்க வேண்டும் என்று கேளுங்கள். சட்டப்படி யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவின் சம்மதத்தை அவர் வாயால் கேட்க வேண்டும்.

தங்கையின் யோசனையை நான் ஒதுக்க மாட்டேன். நல்ல வீடியோ, தூரத்தில் இருப்பவர்களின் வீண் அலைச்சலைக் குறைக்கும். ஆனால் வைட் ஆங்கிள் லென்ஸ் வைத்துச் சின்ன அறையைக் கூடம் மாதிரி காட்ட வேண்டாம். நேரில் வந்ததும் வாங்க வந்தவர் முகம் மாறிவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட நம்ப மாட்டார். சமூக ஊடகத்தில் விளம்பரம் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். யாருக்குக் காட்டுவது என்பதை அந்தத் தளம்தான் தீர்மானிக்கிறது. வீட்டு விளம்பரங்களைச் சிலருக்குக் காட்டி, சிலருக்கு மறைக்க வழி செய்ததாக அமெரிக்க வீட்டுவசதித் துறை 2019-ல் ஃபேஸ்புக் மீது குற்றம் சாட்டியது.

எனக்கு அதைவிடப் பெரிய பயம், அது பூட்டிக் கிடக்கும் வீடு என்பது. படங்களைத் திருடி, அதே வீட்டை வாடகைக்கு விடுவதாக வேறெங்காவது விளம்பரம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். வாசல் எண், சாவி, குடும்பப் படங்கள், ஆவணங்கள் எதுவும் வீடியோவில் தெரியக் கூடாது. யாரும் குடியில்லை என்றும் எழுதக் கூடாது. அப்புறம், பணம் கைமாறும் நேரத்தில் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாகச் செய்தியோ மின்னஞ்சலோ வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அந்த நபரைக் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். வீடு வாங்குகிறவர்களின் பணத்தைக் குறிவைக்கும் மோசடிகளில் இது ஒரு முக்கியமான வழி.

தம்பியை எப்படி அழைப்பது? அவனுக்குப் பகல், வேலை முடிந்த நேரம் பார்த்து, அவனை மட்டும் கூப்பிடுங்கள். "உன் மெசேஜைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது, அதனால்தான் பதில் போட முடியவில்லை" என்று உங்கள் கடிதத்தில் இருப்பதையே சொல்லுங்கள். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. மதிப்பீட்டாளரை அவனே பார்க்கட்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பவும் குழுவில் சேர்க்க அவசரப்பட வேண்டாம். பேசி முடிவானதைச் சுருக்கமாக எழுதி எல்லோருக்கும் அனுப்பக் குழு நல்ல இடம்தான். பேசுவதற்கு அது வேண்டாம்.

ஒரு விடுமுறை நாளில் அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். அங்கிருந்து தம்பியையும் தங்கையையும் வீடியோ காலில் கூப்பிடுங்கள். அவன் அந்த வீட்டை ஸ்க்ரீன்ஷாட்டில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓதம் ஏறிய சுவர் இருந்தால் அதையும் பார்க்கட்டும், வெளிச்சம் விழும் அறையையும் பார்க்கட்டும். போனை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். எந்த அறையில் தொடங்குவது என்று அவர் முடிவு செய்யட்டும். படம் ஆடினால் பரவாயில்லை. நீங்கள் இரண்டடி பின்னால் நடந்து வாருங்கள்.