ஹீட் ஏறினால் வீடு திரும்பத் தெரியணும்

கேள்வி: தள்ளுபடியில் 'நீட் ஃபார் ஸ்பீடு ஹீட்' என்ற கார் ரேஸ் கேம் வாங்கினேன். பகல் ரேஸ்களில் ஜெயித்துவிடுகிறேன். ராத்திரியில் போலீஸ் துரத்த ஆரம்பித்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறேன், சேர்த்ததெல்லாம் போய்விடுகிறது. அதே வரிசையில் 2005-இல் வந்த 'மோஸ்ட் வாண்டட்'தான் நிஜமான துரத்தல், இது வெறும் வேஷம் என்கிறான் பெரியப்பா மகன். கோளாறு என் ஓட்டுதலிலா, கேமிலேயே இருக்கிறதா? என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. வெயில் காலத்தில் ரொம்பச் சூடாகிறது.
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: இரண்டு பக்கமும் கோளாறு உண்டு. தொடக்க நாட்களில் மாட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் கேம்தான் காரணம். கார் நன்றாகத் தேறிய பிறகும் அதே மாதிரி மாட்டினால் உங்கள் ஆட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் இந்த கேம் எதை வைத்து இழுக்கிறது என்று பார்ப்போம். மயாமியை மனதில் வைத்து உருவாக்கிய பாம் சிட்டி என்ற ஊரில் இரண்டு வரவு இருக்கிறது. பகலில் அனுமதி பெற்ற ரேஸ், அதில் பணம். ராத்திரியில் திருட்டு ரேஸ், அதில் 'ரெப்' என்ற பெயர். ரெப் ஏறினால்தான் கடையில் புதிய காரும் இன்ஜின் பார்ட்ஸும் திறக்கும். பணம் இருந்தால்தான் அவற்றை வாங்க முடியும். ராத்திரியில் ரேஸ் ஓட்ட ஓட்ட, போலீசைச் சீண்டச் சீண்ட, அவர்கள் உங்களைத் தேடும் தீவிரம் 1-லிருந்து 5 வரை ஏறும்; அந்த அளவுக்கும் 'ஹீட்' என்றுதான் பெயர். ஏறிய அளவுக்கு அன்றைய ரெப்பும் பெருகும். ஆனால் போலீசை உதறிவிட்டுப் பாதுகாப்பு வீட்டுக்குள் வண்டியை விட்டால்தான் அந்தப் பெருக்கம் உங்கள் கணக்கில் சேரும். வழியில் பிடிபட்டால் பெருக்கம் போய்விடும், பணமும் கழியும். 'இன்னும் ஒரு ரேஸ் ஓட்டிவிட்டுப் போகலாமா?' என்று கை துறுதுறுக்கிறதே, அந்தக் கணம்தான் இந்த கேமின் உயிர். இந்த வரிசையில் இவ்வளவு நல்ல யோசனை அபூர்வம்.

இனி குறை. தப்பிக்க உங்கள் கையில் கொடுத்திருக்கும் வழிகள் மிகக் குறைவு. 2005 மோஸ்ட் வாண்டடில் ராக்போர்ட் ஊரே உங்களுக்கு ஆயுதம். தண்ணீர்த் தொட்டியின் காலில் மோதினால் அது பின்னால் வரும் போலீஸ் வண்டிகள் மேல் சாயும். டோனட் கடையின் ராட்சத டோனட்டும் அப்படியே உருண்டு விழும். பார்வையிலிருந்து தப்பிய பிறகு ஒளிந்துகொள்ளத் தனி இடங்கள் வரைபடத்தில் தெரியும். ஒவ்வொரு காருக்கும் தனி ஹீட் இருந்ததால், ஒரு வண்டி போலீஸ் கண்ணில் அதிகம் பட்டால் அதை ஷெட்டில் விட்டு வேறு வண்டி எடுக்கலாம், பெயின்ட் மாற்றியும் ஹீட்டைக் குறைக்கலாம். உங்கள் ஹீட் கேமில் போலீஸ் மேல் சாய்க்க அப்படி எதுவும் கிடையாது. உங்கள் காரின் வலு, காரைச் சரிசெய்யும் பெட்ரோல் பங்க்குகள், தாவ ஏற்ற மேடுகள், காரில் மாட்டும் ஒன்றிரண்டு துணைக் கருவிகள், அவ்வளவுதான். பெரியப்பா மகன் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

கார் இன்னும் தேறாத தொடக்க நாட்களில் இது வலிக்கும். ஹீட் ஏற ஏற கார்வெட் போன்ற வேகமான போலீஸ் கார்கள் வரும், பிறகு எதிரே வந்து நெஞ்சோடு மோதும் ரைனோ என்ற கனத்த வண்டி வரும். 1988 பிஎம்டபிள்யூ எம்3 ஆகட்டும், 1965 மஸ்டாங் ஆகட்டும், நிஸான் 180எஸ்எக்ஸ் ஆகட்டும், தொடக்கத்தில் தரும் காரால் அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியாது. இதை கேம் உங்களுக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. சரிசெய்துவிடுவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். கோஸ்ட் கேம்ஸ் ஸ்டுடியோ உருவாக்கிய இந்த கேம் 2019 நவம்பரில் வந்தது. சில மாதங்களிலேயே இந்த வரிசை கிரைட்டீரியன் ஸ்டுடியோவின் கைக்குப் போய்விட்டது. 2020 ஜூனில் வந்ததே கடைசிப் பெரிய அப்டேட். இன்று நீங்கள் பார்க்கும் போலீஸ்தான் இனி எப்போதும்.

ஆகவே ஆட்டத்தை மாற்றுங்கள். கார் தேறும்வரை ராத்திரியைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு ரேஸ், ஹீட் 2, நேராக வீடு. பெரிய ராத்திரி ஒன்றை இழப்பதைவிட இப்படி நாலு சின்ன ராத்திரி அதிகம் தரும். பகலில் வரும் பணத்தை இரண்டாவது, மூன்றாவது கார் வாங்கிச் சிதறடிக்காதீர்கள். ஒரே காரில் இன்ஜின், டயர், சஸ்பென்ஷன் என்று போட்டு முடியுங்கள். துணைக் கருவிகளில் ரிப்பேர் கிட்டும், போலீஸ் சாலையில் விரிக்கும் முள்பட்டையைத் தாங்கும் பலப்படுத்திய டயரும் மற்றவற்றைவிடப் பயன்படும்.

பகலில் சும்மா ஊர் சுற்றுவதையும் வீண் என்று நினைக்காதீர்கள். அப்போது போலீஸ் தொந்தரவு குறைவு. எந்தப் பெட்ரோல் பங்க்குக்கு எந்தச் சாலையிலிருந்து நுழையலாம், எந்த மேட்டிலிருந்து தாவினால் அந்தப் பக்கம் இறங்கலாம் என்று பார்த்துவையுங்கள். பங்க்குக்குள் ஓட்டிச் சென்றாலே கார் சரியாகிவிடும், ஆனால் ஒரு ராத்திரிக்கு மூன்று முறைதான். முதல் கீறலுக்கே ஒன்றைச் செலவழித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வலு பாதிக்குக் கீழே இறங்கும்வரை பொறுங்கள். கடைசி ஒன்றை வீட்டுக்குத் திரும்பும் வழிக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

துரத்தல் தொடங்கியதும் எல்லோருக்கும் தோன்றுவது நெடுஞ்சாலையில் ஏறி மிதிப்பது. அங்கேதான் தோற்பீர்கள். ராணிப்பேட்டை பக்கம் நீளும் நெடுஞ்சாலையில் உங்களைவிட வேகமான வண்டி பின்னால் வந்தால் என்ன செய்ய முடியும்? அதே வண்டியை லாங் பஜாருக்குள் இழுத்துவிட்டால் அதன் வேகம் எதற்கு உதவும்? பாம் சிட்டியிலும் துறைமுகத்துக் கன்டெய்னர் சந்துகள், மண் பாதைகள், தாவும் மேடுகள்தான் உங்கள் பக்கம். பின்னால் நெருங்கி வருகிறார்கள் என்றால் ஹேண்ட்பிரேக் போட்டு வந்த வழியே திரும்புங்கள். வேகத்தில் வரும் போலீஸ் கார்கள் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் இடைவெளி கிடைக்கும். ரைனோ எதிரே தெரிந்ததும் உடனே ஒதுங்கினால் அதுவும் கூடவே திரும்பும். கடைசி நொடியில் ஒதுங்குங்கள். நடுவில் சிக்கி வேகம் விழுந்ததென்றால் திரையில் பிடிபடுவதைக் காட்டும் கோடு நிரம்பத் தொடங்கும். முன்னால் முட்டிக்கொண்டே இருக்காமல் அந்தக் கணமே ரிவர்ஸ் போடுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஓட்டுதலில் குறை என்று நீங்கள் நினைப்பதில் பாதி இதுவாகவே இருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி தட்டினால் கார் சறுக்கும்படி இந்த கேமில் ஓர் அமைப்பு இருக்கிறது. பதற்றத்தில் விரல் தானாக விட்டு விட்டு அழுத்தும். கார் கேட்காமலே சறுக்கிச் சுவரில் போய் மோதும். ஓட்டும்போதே காரைத் திருத்த உதவும் லைவ் டியூனிங் மெனுவில் சறுக்கலை பிரேக்குக்கு மாற்றுங்கள், காரைச் சாலையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸைக் கூட்டுங்கள். ஒரே மாலையில் வித்தியாசம் தெரியும்.

வேறு குறைகளும் உண்டு: கதை சீக்கிரம் முடிந்துவிடும், பகல் போலீஸ் சப்பென்று இருக்கும், போலீசாக ஓட்ட வழியில்லை. பகலையும் இரவையும் நீங்களே மாற்ற வேண்டும், பொழுது தானாக நகராது. விடிந்துகொண்டே வருகிறது, அதற்குள் வீடு சேர வேண்டும் என்ற தவிப்பை இவர்கள் கோட்டைவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்த அமைப்புக்கு அது எவ்வளவு பொருந்தியிருக்கும்!

பழைய மோஸ்ட் வாண்டடைத் தேடினால் ஓர் எச்சரிக்கை. அதே பெயரில் கிரைட்டீரியன் உருவாக்கிய இன்னொரு கேம் 2012-இல் வந்தது. இப்போது ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கண்ணில் படுவது அதுதான். ஊர் ஃபேர்ஹேவன், பழைய கேமில் ஒவ்வொருவராகத் தோற்கடிக்க வேண்டிய 15 பேர் கொண்ட பிளாக்லிஸ்ட் இதில் கிடையாது, காரின் உடம்பை மாற்றி அலங்கரிக்கவும் முடியாது. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள். 2005 கேம் ஸ்டீமில் இல்லை. முகம் தெரியாத தளங்களில் இலவசமாகக் கிடைப்பதை இறக்கினால் கேமோடு வைரஸும் வந்து இறங்கும்.

லேப்டாப் விஷயம். ஹீட்டுக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 760 கார்டு, 50 ஜிபி இடம் வேண்டும். உங்கள் கார்டு போதும், ரேம்தான் விளிம்பில் நிற்கிறது. பிரவுசரை முழுதாக மூடிவிட்டுத் தொடங்குங்கள். ஈரச் சாலையும் நியான் வெளிச்சமும் சேர்ந்து ராத்திரிக் காட்சிகள் கார்டுக்குக் கூடுதல் பாரம். போலீஸ் துரத்தும் நேரத்திலேயே படம் திக்கினால் அதுதான் காரணம். கிராபிக்ஸை மீடியத்தில் வையுங்கள், நிழலையும் பிரதிபலிப்பையும் அதற்கும் கீழே இறக்குங்கள், நொடிக்கு ஓடும் ஃபிரேமை 60-க்கு மேல் போகாமல் கட்டுங்கள். அதையும் தாங்காவிட்டால் 45. வேலூர் சித்திரை வெயிலில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடுவது வேண்டவே வேண்டாம். காற்று அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. மேஜை மேல், பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி வையுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறியதும் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைந்து படம் சட்டென்று திக்கும். அதனால் தொடங்கும்போது ஆன்லைனை விட்டு, தனியாக ஆடும் 'சோலோ'வைத் தேர்ந்தெடுங்கள். ஆன்லைனில் கேமை நிறுத்திவைக்க முடியாது. சோலோவில் பாஸ் போட்டால் பின்னால் எத்தனை வண்டி வந்தாலும் அத்தனையும் கரண்ட் வரும்வரை அப்படியே நிற்கும்.